வெள்ளித் தட்டத்தில் இருந்த எங்கள் பெயர்

தம்பி,

நீ சுகமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமைதான் வந்து, கோழிக்கறியை மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனாய். ஆகவே சுகம் விசாரிக்கிற வேலை எனக்கு மிச்சம். நானும் சுகந்தான், ஆனால் கோபமாக இருக்கிறேன். போனில் கதைத்திருக்கலாம். போனில் நான் கத்துவேன், நீ "ஓகே அம்மா, ஓகே" என்பாய், அதோடு விஷயம் முடிந்துவிடும். இது அப்படி முடியக்கூடாத விஷயம். அதனால்தான் எழுதுகிறேன், அதுவும் தமிழில். ஒன்பது வயது வரைக்கும் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போனவன் நீ. எழுத்துக் கூட்டியாவது வாசிப்பாய். கஷ்டமாக இருந்தால் மெல்ல மெல்ல வாசி. உறையை நான் ஒட்டவில்லை. அப்பா வாசிக்கலாம், உனக்குப் பெண்டாட்டியாக வரப்போகிற வித்யா வாசிக்கலாம், உன்னைப் போலப் பிள்ளை வைத்திருக்கிற எந்தத் தாயும் வாசிக்கலாம். வித்யாவின் அம்மா மட்டும் வாசிக்க வேண்டாம். காரணம் பின்னால் வரும்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் நீ காருக்குப் போய், மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு பொதியைத் தூக்கிக்கொண்டு வந்தாய். முகம் முழுக்கச் சிரிப்பு. "அம்மா, சர்ப்ரைஸ்" என்று மேசையில் வைத்து அவிழ்த்தாய். என் வெள்ளித் தட்டம். உன் கலியாணத்துக்குக் கூறைச் சேலையும் தாலியும் வைத்துச் சபைக்குக் கொண்டுபோக நான் எடுத்து வைத்திருந்த தட்டம். இன்சூரன்ஸுக்கு விலை மதிக்க வேண்டும் என்று சொல்லி நீ வாங்கிக்கொண்டு போன தட்டம். கண்ணாடி மாதிரி மினுங்கியது. நடுவில் வாங்கும்போதே இருந்த மூன்று ஆங்கில எழுத்துகளும் கொடிபோலப் பின்னிக்கொண்டு அப்படியே இருந்தன. அவற்றுக்குக் கீழே அப்பாவின் பெயரும் என் பெயரும் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. வழுவழு என்று இருந்தது. "ஐ காட் இட் ஃபிக்ஸ்ட்" என்றாய். திருத்தியாயிற்றாம். அப்பா கிட்ட வந்து பெருவிரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "நல்லா மினுங்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு, தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அந்த மனிசன் மழைக்குள் நின்று மரவள்ளிக்குத் தண்ணீர் விட்டதை நீ கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அப்போது வாயைத் திறந்திருந்தால் என்ன வந்திருக்குமோ தெரியாது. அதனால் தேத்தண்ணி போடுகிறேன் என்று எழும்பிப் போனேன்.

நீ என்ன செய்தாய் என்று உனக்கு விளங்க வேண்டுமானால், இந்த வெள்ளிச் சாமான் எப்படி என்னைப் பிடித்தது என்று சொல்ல வேண்டும். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து பக்குரங்காவில் குடியேறிய புதிதில் அப்பா கார் ஓட்டப் பழகுகிறார் என்று சனிக்கிழமைக் காலைகளில் தெருத் தெருவாகச் சுற்றுவோம். அப்படிச் சுற்றும்போதுதான் இந்த நாட்டுச் சனம் வீட்டுக் கராஜைத் திறந்து வைத்துப் பழஞ்சாமான் விற்பதைக் கண்டேன். ஒரு வீட்டில் சப்பாத்துப் பெட்டி நிறைய முள்ளும் கரண்டியும். அதற்குள் கறுத்துப்போன ஒரு கரண்டி கையில் எடுத்தவுடன் மற்றவற்றை விடக் கனத்தது. சேலைத் தலைப்பால் காம்பைத் தேய்த்துப் பார்த்தேன். பின்பக்கத்தில் எறும்பளவு சிங்கம் ஒன்று முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நடந்தது. அன்றைக்கே நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் எடுத்தேன். சிங்கம் இருந்தால் அசல் இங்கிலாந்து வெள்ளி. பக்கத்தில் நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் சோதித்தது, சிறுத்தைத் தலை இருந்தால் லண்டனில். அதற்குப் பக்கத்தில் இருக்கிற ஒற்றை எழுத்து, எந்த ஆண்டு என்று சொல்லிவிடும். இருநூறு வருடத்துக் கரண்டி ஒன்று தன் பிறந்த ஊரையும் வயதையும் முதுகில் எழுதிக்கொண்டு ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் கிடக்கிறதே என்று எனக்கு அன்றைக்கு நித்திரையே வரவில்லை. அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "கொடியில இருக்கிற சிங்கத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்தனாங்கள். நீர் என்னடாவெண்டா காசு குடுத்துச் சிங்கத்தை வாங்கிறீர்." அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில், "வாரும், சிங்க வேட்டைக்குப் போவம்" என்று கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வாசலில் முதலில் நிற்பது அவர்தான்.

ஆனைக்கும் அடி சறுக்கும். பூவேலை செய்த மூடியைப் பார்த்து மயங்கி தேத்தண்ணி வார்க்கிற மூக்குப் போச்சி ஒன்றை வாங்கி வந்து, திருநீற்றைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன். இரண்டு மாதத்தில் செம்பு பல்லிளித்தது. வெறும் முலாம். நீயும் அப்பாவும் ஒரு வருடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். அதிலிருந்து சிங்கத்தைக் காணாமல் நான் எதையும் தொடுவதில்லை. திருநீறு என்றவுடன் நினைவுக்கு வருகிறது: பழஞ்சாமான் கடைக்காரி ஒருத்தி என் கரண்டிகளைப் பார்த்துவிட்டு, இவ்வளவு மென்மையாக மினுக்க என்ன பொலிஷ் பாவிக்கிறீர்கள் என்று கேட்டாள். கோயிலில் தருகிற சாம்பல் என்றேன். அவள் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தாள்.

சேர்த்ததை நான் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டவில்லை என்பது உனக்குத் தெரியும். அந்தச் சாமான்களில்தான் நீ சாப்பிட்டு வளர்ந்தாய். வெள்ளைக்காரன் குழம்பு ஊற்ற வைத்திருந்த தோணிபோன்ற கிண்ணத்தில் எங்கள் வீட்டில் சொதி. பாண் துண்டுகளை நிறுத்தி வைக்கிற கம்பித் தட்டில் அப்பளம் வரிசையாக நிற்கும், ஒன்றும் நொறுங்காது. அதைக் கண்டுபிடித்தவன் அப்பளத்தை நினைத்துத்தான் செய்திருக்க வேண்டும் என்று நான் இன்றைக்கும் சொல்லுவேன். சீனிக்கட்டி எடுக்கிற குறட்டால் எலுமிச்சை ஊறுகாய் எடுப்போம், எடுத்த கையோடு கழுவித் துடைப்போம். முட்டைக் குழம்புக்கு மட்டும் வெள்ளிக் கரண்டி இல்லை, முட்டை பட்டால் கறுத்துப் போகும். வெள்ளி புழங்கினால்தான் வெள்ளி. பூட்டி வைத்தால் கறுக்கும், பிறகு அதைச் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டும். மனிசரும் அப்படித்தான் என்று எழுத வந்தது. வேண்டாம், புத்திமதியைப் பிறகு பார்ப்போம்.

இப்போது, நீ தட்டத்தைக் கொண்டுபோக முந்தி உன் மனேஜர் சாப்பிட வந்த நாளுக்கு வருகிறேன். அந்த மனிசரில் எனக்குக் கோபமில்லை. புட்டை ரசித்துச் சாப்பிட்டார். அப்பளத் தட்டைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தார். பழைய வெள்ளி கொஞ்சம் தெரிந்தவர். தட்டத்தை விளிம்பில் பிடித்துத் தூக்கி, முதலில் முதுகைத் திருப்பிச் சிங்கத்தைத் தேடினார். சரி, விஷயம் தெரிந்த ஆள் வந்திருக்கிறார் என்று எனக்கும் புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. பிறகு முன்பக்கம் பார்த்தார். "அடடா, பாவமே" என்றார் ஆங்கிலத்தில். என்ன பாவம் என்று கேட்டேன். யாரோ இதில் கீறிவிட்டார்கள் என்றார். யாரோ இல்லை, நாங்கள்தான், அது எங்கள் பெயர் என்றேன். அவருக்கு முகம் சிவந்து போய்விட்டது. அழகான எழுத்து என்று சமாளித்தார். அதோடு அந்தக் கதை முடிந்திருக்கும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது நீதான். "யுத்தத்தில் அம்மா எல்லாவற்றையும் இழந்துவிட்டா, அதுதான் இப்படிச் சேர்க்கிறா, அதுதான் பெயரும் போடுகிறா" என்று தாழ்ந்த குரலில் சொன்னாய். ஆஸ்பத்திரியில் நோயாளியின் கட்டிலடியில் நின்று கதைக்கிற குரல் அது. அந்த மனிசர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ரசிப்பெல்லாம் போய் இரக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது.

யார் சொன்னது உனக்கு? எங்கள் வீட்டில் இருந்தது பித்தளையும் எவர்சில்வரும். அங்கே நான் வெள்ளியைக் கண்டது அரைஞாண் கொடியிலும் குங்குமச் சிமிழிலும்தான். இழந்ததை நான் இழந்தேன். அதற்கு அழவேண்டிய நேரத்தில் அழுதேன், உனக்குக் கேட்காமல் அழுதேன். அதற்கும் ஜோர்ஜ் மன்னர் காலத்துச் சீனிக் குறட்டுக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு வெள்ளி பிடிக்கும். கனம் பிடிக்கும், கையில் எடுத்தவுடன் கைச்சூட்டைத் தானும் வாங்கிக்கொள்கிறதே, அது பிடிக்கும், எங்கோ பர்மிங்காமில் ஒருவன் பொறுமையாக உட்கார்ந்து ஒரு காம்பின் நுனியில் சிப்பி ஒன்றை அடித்து வைத்திருக்கிறானே, அது பிடிக்கும். வாரம் முழுக்க மருந்துக்கடையில் நின்று மாத்திரை எண்ணுகிறவளுக்குச் சனிக்கிழமை ஒரு சந்தோஷம் இருக்கக்கூடாதா? உன் மனேஜர் பழைய மோட்டார் சைக்கிள் சேர்க்கிறார் என்று நீதான் சொன்னாய். எந்த யுத்தத்தில் எதை இழந்தீர்கள் என்று அவரிடம் யாராவது கேட்டதுண்டா? அவர் சேர்த்தால் ஹொபி, நான் சேர்த்தால் காயமா? என் ஆசையை எடுத்து ஒரு வியாதியாக்கி, சாப்பாட்டு மேசையில் விருந்தாளிக்குப் பரிமாறினாய். நீ நல்லெண்ணத்தில்தான் சொன்னாய். அதுதான் எனக்கு இன்னும் கூடக் கோபம்.

அந்தத் தட்டம் எப்படி வந்தது என்று நீ கேட்டதே இல்லை. எப்சத்தில் ஒரு பெரிய பழைய வீடு. கிழவி முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டா, மகள் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தாள். தட்டத்துக்குள் திறப்புக் கோர்வைகளும் இறப்பர் வளையங்களும் கிடந்தன. நான் கொட்டிவிட்டுத் திருப்பினேன்: சிங்கம், சிறுத்தைத் தலை, விக்டோரியா மகாராணி பிறக்க முந்திய எழுத்து. என் ஆசை அந்தப் பெண்ணுக்குத் தெரியக்கூடாது என்று தட்டத்தை மேசையிலேயே வைத்துக்கொண்டு கதைத்தேன். நடுவில் இருக்கிற மூன்று எழுத்தும் யாருடையது என்று கேட்டேன். தெரியாது என்றாள். அம்மா ஒருநாளும் சொன்னதில்லையாம், தானும் கேட்டதில்லையாம், இதை யார் உட்கார்ந்து துடைக்கிறது என்றாள். சொந்தப் பேத்தியோ பூட்டியோ, அவளுக்கே தெரியாது. அந்த எழுத்தைத்தான், தம்பி, நீ தேடிப்போன திருத்துகிறவர் தொடாமல் விட்டிருக்கிறார். விட்டது மட்டுமில்லை, அதைச் சுற்றிப் பூப்போல மினுக்கியும் தந்திருக்கிறார். ஏன் என்று ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணி குடிக்க உள்ளே வந்த அப்பா கேட்டதற்கு, "அது ஒரிஜினல் அப்பா, அது தட்டின் ஹிஸ்டரி" என்றாய். அதுவும் ஒருநாள் ஒருவன் உளியைப் பிடித்து வெட்டியதுதானே? தட்டு வார்க்கும்போதே முளைத்து வந்ததா? பேர் தெரியாத ஒருவன் தன் எழுத்தை வெட்டினால் ஹிஸ்டரி, உன்னைப் பெற்றவர்கள் வெட்டினால் கீறல். இந்தக் கணக்கை உனக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள்?

நாங்கள் ஏன் வெட்டினோம் என்றும் கேள். எங்கள் சனம் கலியாணத்துக்குக் கொடுக்கிற ஏனத்தில் பெயர் வெட்டாமல் கொடுப்பதில்லை. கலியாண வீட்டில் பத்து வீட்டுக் கிடாரமும் தட்டமும் ஓர் அடுக்களையில் கலக்கும். பெயர்தான் அவற்றைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரும். கொடுத்தவர்கள் இல்லாமல் போன பிறகும், மருமகள் கழுவும்போது அந்தப் பெயர் கையில் தட்டுப்படும். அவ்வளவுதான், அதில் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. உன் கலியாணம் நிச்சயமானதும் அப்பா தானே எழுதித் தருகிறேன் என்றார். நில அளவைக் கந்தோரில் படம் வரைந்த கை. சாப்பாட்டு மேசையில் விளக்கை இழுத்து வைத்து, மெல்லிய காகிதத்தில் இரண்டு பெயரையும் எழுதி, அழித்து, இன்னொரு காகிதத்தில் எழுதி, சரியான வளைவு வரும்வரை ஒரு கிழமை இருந்தார். பிறகு பன்மூரில் விளையாட்டுக் கோப்பைகளுக்குப் பெயர் வெட்டுகிற கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் ரெக்ஸ் காகிதத்தைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, இதில் மேல்பக்கம் எது என்றுதான். அப்பா பென்சிலால் அம்புக்குறி போட்டுக் கொடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த மனிசர் ஒரு சுழியும் பிசகாமல் வெட்டித் தந்தார். நெற்போல் விளையாட்டுக் கிளப்புகளின் பெயரை வெட்டி வெட்டி அலுத்துப்போனதாம், இதைச் செய்யத் தனக்குச் சந்தோஷமாக இருந்ததாம். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அப்பா தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். காரை நான்தான் ஓட்டினேன்.

நீ அழித்தது அந்த எழுத்தை. உன் அப்பாவின் கையெழுத்தை. அதற்கு ஒரு பொய்யும் சொன்னாய். இன்சூரன்ஸ் கொம்பனியில் வேலை செய்கிறவன் இன்சூரன்ஸ் என்று சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? எனக்குத் தெரியும், நீ எங்களுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. அம்மா ஆசையாக வாங்கிய தட்டம் மதிப்பிழந்து போகக்கூடாது, சபையில் உன் மனேஜரும் மற்றவர்களும் பார்த்து அம்மாவைக் குறைவாக நினைக்கக்கூடாது என்று நினைத்தாய். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது, அதற்கு நீ மனதுக்குள்ளாவது பதில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் என்னைக் குறைவாக நினைப்பார்கள் என்று பயந்தாயா, அல்லது உன்னையா? எங்கள் பெயர் தட்டத்தில் இருந்ததா உனக்கு வெட்கம், எங்கள் பெயரே வெட்கமா?

புதன்கிழமை வித்யாவின் அம்மா வந்தார். எப்சத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தார், பாவம், கையில் முறுக்கோடு. கூறை வைக்கிற தட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். மடியில் வைத்து இரண்டு கையாலும் தடவினார். "எவ்ளோ அழகா இருக்கு சம்பந்தி. ஆனா பேர் வெட்டலையா? எங்க ஊர்ல தம்ளர்ல கூட பேர் வெட்டாம குடுக்க மாட்டோமே. உங்க ரெண்டு பேர் பேரும் இருந்தா, நாளைக்கு எம் பொண்ணு பெருமையா சொல்லிக்குவா" என்றார். நீ யாருக்குப் பயந்து அழித்தாயோ தெரியாது. உன் மாமியார் அதைத்தான் முதலில் தேடினார். நான் என்ன சொல்வது? உங்கள் மாப்பிள்ளை எங்கள் பெயரைச் சுரண்டிப்போட்டார் என்றா? தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். "ஓமோம், இனித்தான் வெட்டவேணும். இவர் எழுத்து எழுதிக்கொண்டிருக்கிறார்" என்று சொன்னேன். பக்கத்துக் கதிரையில் இருந்த அப்பா என்னைப் பார்த்துவிட்டு முறுக்கில் ஒன்றை எடுத்தார். இந்த வயதில் சம்பந்தி வீட்டுக்குப் பொய் சொல்ல வைத்துவிட்டாய். வித்யாவின் அம்மா இதை வாசிக்க வேண்டாம் என்றது அதனால்தான்.

அவர் போன பிறகு அப்பாவிடம், இன்னொரு தரம் எழுதித் தாருங்கோ என்று கேட்டேன். "அவனுக்கு விருப்பமில்லாததை நான் ஏன் திரும்ப எழுதுவான்? விடும்" என்றார். கோபமாகச் சொன்னாலும் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னார். முப்பது வருடம் கூட இருந்தவளுக்கு அந்தச் சாதாரணம் விளங்கும். அடுத்த நாள் வேலை முடிந்து நேரே பன்மூருக்குத் தட்டத்தைக் கொண்டுபோனேன். ரெக்ஸ் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். யார் இதைச் செய்தது என்றார். என் மகன் என்றேன். ஏன் என்றார். பெருவிரலால் அந்த இடத்தை அழுத்திக் காட்டினார். எழுத்தை அழிப்பதென்றால் அதன் ஆழம் வரைக்கும் வெள்ளியைச் சுரண்ட வேண்டுமாம். அந்த இடம் மெலிந்து போய்விட்டது, விரல் வைத்தால் மெல்ல உள்ளே போய் வருகிறது. ஆழமில்லாமல் இன்னும் ஒரு தரம் வெட்டலாம், அதற்குப் பிறகு யாராவது அழிக்கப் போனால் ஓட்டைதான் மிஞ்சும் என்றார். இனி யாரும் அழிக்கமாட்டோம் என்று சொல்ல வாயெடுத்தேன். உன்னைக் கேளாமல் அதை எப்படிச் சொல்வது?

புத்திமதி சொல்லாமல் முடித்தால் நான் உன் அம்மா இல்லை. அடுத்த மாதம் கலியாணம் முடிய வெஸ்ட்கேட் பக்கம் புது வீட்டுக்குப் போகப் போகிறீர்கள். அந்த வீட்டில் பாத்திரம் கழுவுகிற மெஷின் இருக்கிறது, வெள்ளிக் கரண்டி அதற்குள் போடக்கூடாது, ஆகவே வேண்டாம் என்று வித்யாவைக் கேளாமலே எனக்குச் சொன்னாய். அவளைக் கேட்டுப் பார். அவளிடம் நான் கேட்டேன், கையால் கழுவுவேன் ஆன்ட்டி என்றாள். யாருக்காவது நல்லது செய்யப் போகிறாய் என்றால் முதலில் அவர்களைக் கேள். கேளாமல் செய்கிற நல்லதைப் போலக் கெடுதல் இல்லை. நாளைக்கு அவள் சுவரில் ஒரு படத்தைக் கோணலாகக் கொழுவியிருப்பாள், நீ அவள் வேலைக்குப் போன நேரம் நிமிர்த்தி வைப்பாய். அவள் வந்து பார்த்துவிட்டு மழைக்குள் நின்று தண்ணீர் விடுவாள். அதை நீ கவனிக்க வேண்டும். கவனிக்கப் பழகு.

தட்டத்தை நான் ரெக்ஸிடமே விட்டுவிட்டு வந்தேன். அவரிடம் சொல்லியிருக்கிறேன்: மகன் ஒரு காகிதத்தோடு வந்தால் அதில் உள்ளதை அப்படியே வெட்டிக் கொடுங்கோ. காகிதமில்லாமல் வந்தால் தட்டத்தை அப்படியே கொடுத்துவிடுங்கோ. எது நடந்தாலும் கூறை அந்தத் தட்டத்தில்தான் சபைக்கு வரும், நானும் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு சிரித்த முகமாக நிற்பேன், உன்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். அப்பாவும் கேட்கமாட்டார். அது உனக்குத் தெரியும்.

காகிதத்தில் எங்கள் இரண்டு பெயரையும் நீதான் எழுத வேண்டும், உன் கையால், தமிழில். எப்படி எழுதுவது என்று அப்பாவைக் கேட்காதே. வித்யாவிடம் எழுதி வாங்காதே. எனக்குப் போன் எடுத்தாலும் நான் சொல்லப் போவதில்லை. இந்தக் கடிதத்தில் தேடிப் பார்த்து எழுதலாம் என்றும் நினைக்காதே, வேண்டுமென்றேதான் நான் எங்கள் பெயரை இதில் எங்கேயும் எழுதவில்லை. ஒன்பது வயதில் உன் கொப்பிகளின் முதல் பக்கத்தில் தாய் பெயர், தகப்பன் பெயர் என்று நீயே எழுதினாய். எழுது. கோணலாக வந்தால் கோணலாகவே வெட்டச் சொல்லு. சனிக்கிழமை மத்தியானத்தோடு ரெக்ஸ் கடையைப் பூட்டிவிடுவார்.

அம்மா